கோழிப் பேனும் செள்ளும்: சுங்கை சிப்புட் வீட்டுக்கோழிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயங்கள் காலியாகி, சனங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்த பிறகும் கோழியை மட்டும் விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் நாலு தகரம், கொஞ்சம் கம்பி வலை, பத்துப் பதினைந்து கம்பத்துக் கோழி. நானும் அப்படித்தான். பால்மரத் தோட்டத்தில் பாட்டியின் கோழிகளுக்குப் பின்னால் ஓடி வளர்ந்தவள். இப்போது 22 உருப்படி வைத்திருக்கிறேன். கோயிலிலும் பசார் மாலம் என்ற இரவுச் சந்தையிலும் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, கோழியின் உடம்பில் ஊரும் பூச்சியைப் பற்றியவை. அந்தப் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கோழிக்குப் பூச்சி பிடித்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோழி ஓயாமல் அலகால் உடம்பைக் கோதும், தலையை உதறும். கொண்டை சிவப்பு மங்கி வெளிறும். முட்டை குறையும். நெஞ்சைத் தொட்டால் எலும்பு கையில் குத்தும். ஆனால் இதெல்லாம் குடற்புழுவுக்கும் வரும், வேறு நோய்க்கும் வரும். அதனால் கோழியைப் பிடித்துப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

பார்க்க நல்ல நேரம் இரவு. கோழி அடைந்த பிறகு எடுத்தால் சண்டை போடாது. ஒருவர் பிடிக்க, இன்னொருவர் டார்ச் அடித்து இறகைப் பிரிக்க வேண்டும். முதலில் முட்டை வரும் துவாரத்தைச் சுற்றி, பிறகு இறக்கைக்கு அடியில், கழுத்தில், கடைசியாகக் காலில். இறகை விலக்கிய அந்த ஒரு நொடியில்தான் பேன் ஓடுவது தெரியும், அதனால் கண்ணை எடுக்கக் கூடாது. மாதம் ஒருமுறை எல்லாக் கோழியையும் இப்படிப் பார்த்துவிடுகிறேன். 22 கோழிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

பேனும் செள்ளும் ஒன்றுதானே அக்கா?

இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கையில் கிடைத்த மருந்தைப் போட்டுவிட்டு, "கேட்கவில்லை" என்று வருகிறார்கள்.

பேனுக்கு ஆறு கால். வைக்கோல் நிறம், 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம். தட்டையாக இருக்கும், வெளிச்சம் பட்டால் விறுவிறுவென்று ஓடும். இறகையும் தோல் செதிலையும் தின்று வாழும். உடம்புப் பேன் இளம் இறகின் தண்டைக் கடித்து இரத்தமும் குடிக்கும். முட்டையை இறகின் அடித்தண்டில் ஒட்டி வைக்கும். துவாரத்தருகே இறகின் அடியில் வெள்ளையாக, சர்க்கரை ஒட்டிக் காய்ந்தது போல் கட்டி கட்டியாக இருந்தால் அது பேன் முட்டை. ஒரு பெண் பேன் தன் வாழ்நாளில் 50 முதல் 300 முட்டை வரை இடும். பிறப்பது முதல் சாவது வரை கோழி உடம்பிலேயே இருக்கும். கோழியை விட்டு விழுந்தால் சில நாட்களில் செத்துவிடும்.

செள்ளு வேறு சாதி. எட்டுக் கால், உண்ணிக்கும் சிலந்திக்கும் சொந்தம். மிளகுத்தூளைத் தூவியது போல் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். முழு உணவே இரத்தம். நம் ஊரின் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு வாரத்தில் முட்டை வளர்ந்து முட்டையிடும் செள்ளாகிவிடும். ஒரு வகை கோழி உடம்பிலும் முட்டைக்கூட்டிலும் குடியிருக்கும். அது பெருகினால் துவாரத்தைச் சுற்றியுள்ள இறகு அழுக்குப் பிடித்துக் கருத்துப் போகும். இன்னொரு வகை பகலில் கோழியின் மேல் இருக்கவே இருக்காது. பலகை இடுக்கில் ஒளிந்துகொண்டு இராத்திரி மட்டும் வந்து குடிக்கும்.

எது எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்தை எங்கே போடுவது என்று தெரியும். பேனுக்குக் கோழியின் உடம்பில், இராச் செள்ளுக்குக் கூண்டில், கூட்டுச் செள்ளுக்கு இரண்டிலும்.

அடையில் உட்கார்ந்த கோழி பாதியிலேயே முட்டையை விட்டு எழுந்து போகிறது. ஏன்?

இந்தக் கேள்வி வந்தால் நான் வேலையை விட்டுவிட்டு நின்று பதில் சொல்வேன்.

கோழி 21 நாள் அடை காக்க வேண்டும். அந்த நாட்களில் சாப்பிடவும் எச்சம் போடவும் மட்டுமே எழுந்து போகும், மண்ணில் புரண்டு குளிப்பது மிகவும் குறைந்துவிடும். கூட்டில் சூடு, ஈரம், இருட்டு, நகராத கோழி. செள்ளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு வாரத்துக்கு ஒரு தலைமுறை என்றால் குஞ்சு பொரிப்பதற்குள் மூன்று தலைமுறை. தொடக்கத்தில் பத்துப் பதினைந்து இருந்தது கடைசி வாரத்தில் ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

சில கோழி தாங்க முடியாமல் எழுந்து போய்விடும். எழாத கோழியின் நிலைமை அதைவிட மோசம். எனக்குக் கழுத்தில் இறகில்லாத கறுப்புப் பெட்டை ஒன்று இருந்தது. பத்து முட்டையோடு உட்கார்ந்தது. நல்ல அடைக்கோழி, தொந்தரவு செய்யக் கூடாது என்று தீனியை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். 16ஆம் நாள் காலையில் முட்டைகளின் மேலேயே செத்துக் கிடந்தது. தூக்கினேன். முழங்கை வரை செள்ளு ஏறியது. கொண்டை காகிதம் போல வெளுத்திருந்தது. எழுந்து போயிருந்தால் பிழைத்திருக்கும். அது போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கோழியையும் பார்க்காமல் அடை வைத்ததில்லை. அடை வைக்கும் முன் கோழியை முழுதாகப் பார்த்து, பூச்சி இருந்தால் மருந்து போட்டு, ஒரு வாரம் பொறுத்து மறுபடி பார்த்த பிறகே முட்டை வைக்கிறேன். பழைய கூட்டை எரித்துவிட்டுப் புது வைக்கோலோ காய்ந்த லாலாங் புல்லோ போடுகிறேன். பிரம்புக்கூடை வேண்டாம், அதன் பின்னலில் ஆயிரம் ஒளிவிடம். அட்டைப் பெட்டி நல்லது, வேலை முடிந்ததும் கொளுத்திவிடலாம். 7ஆம் நாளும் 14ஆம் நாளும் கோழி தீனிக்கு எழும்போது கூட்டில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்துப் பாருங்கள். புள்ளி நகர்ந்தால் முட்டைகளைத் துணியில் எடுத்து வைத்து, பெட்டியையும் வைக்கோலையும் மாற்றி, கோழியின் பின்பக்க இறகில் பொடி போட்டு மறுபடி உட்கார வையுங்கள். பத்து நிமிட வேலை. முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

பகலில் கோழி மேல் ஒரு பூச்சியும் இல்லை. ஆனால் இராத்திரி கூண்டுக்குள் போக மறுக்கிறது. பேயா?

இராச் செள்ளாக இருக்கும். கோழி வேலி மேலும் ரம்புத்தான் மரத்திலும் போய் அடைகிறதென்றால் முதலில் கூண்டைப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் டார்ச்சோடு போய், கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளை டிஷ்யூவால் அழுத்தித் துடையுங்கள். டிஷ்யூவில் இரத்தக் கோடு இழுத்தால் சந்தேகமே வேண்டாம். பசியோடிருக்கும் செள்ளு சாம்பல் நிறம், குடித்தது சிவப்பு. கம்பு சுவரைத் தொடும் மூலை, ஆணி ஓட்டை, பலகை இடுக்கு ஆகியவற்றில் சாம்பல்பொடி போல இருப்பது அதன் எச்சமும் தோலும்.

குளிர்ந்த இடங்களில் இது 8 மாதம்கூட இரத்தம் இல்லாமல் உயிரோடிருக்கும். நம் சூட்டில் அவ்வளவு தாங்காது. ஆனாலும் கோழியை இரண்டு வாரம் வேறு இடத்தில் அடைத்துவிட்டுப் பழைய கூண்டுக்கே திருப்பினால் செள்ளும் காத்துக்கொண்டிருக்கும். கூண்டைக் காலி செய்து, எச்சத்தைச் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, காய்ந்த பிறகு மருந்து அடிக்க வேண்டும். மரக்கம்பை எடுத்துவிட்டு வழவழப்பான கம்பு வைத்து, அதன் நுனி சுவரைத் தொடாமல் தாங்கியில் நிற்கும்படி செய்யுங்கள். இராத்திரி மருந்து அடிக்கும் பாட்டைவிட இந்தக் கம்பு மாற்றத்தால் எனக்குக் கிடைத்த பலன் அதிகம்.

எந்த மருந்து, எவ்வளவு?

வீட்டுக்கோழிக்கு எளிதாகப் பயன்படுவது பெர்மெத்ரின். கோழிக்கென்று லேபிளில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். 0.25 விழுக்காட்டுத் தூள் என்றால் 100 கோழிக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கோழிக்கு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவு. லேபிள் வேறு அளவு சொன்னால் லேபிள்படிதான் போட வேண்டும்.

மேலாகத் தூவினால் வீண். கோழியைத் தலைகீழாகப் பிடிக்காமல், மடியில் சாய்த்து, இறகை எதிர்ப்பக்கமாக நீவி, துவாரத்தைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் தோலில் படும்படி தேய்க்க வேண்டும். கண்ணிலும் மூக்கிலும் படக் கூடாது. நீங்களும் முகக்கவசம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தீனியும் தண்ணீரும் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது.

பெர்மெத்ரின் கோழிக்கு ஒத்துவரும், பூனைக்கு விஷம். மீன் தொட்டி, குளம், கால்வாய்ப் பக்கமும் போடாதீர்கள், மீன் செத்துவிடும்.

போட்டேன், பத்து நாளில் திரும்ப வந்துவிட்டதே?

மருந்து முட்டையைக் கொல்வதில்லை. பேன் முட்டை 4 முதல் 7 நாளில் பொரியும். அதனால் ஏழு நாள் கழித்து இரண்டாவது தடவை, இன்னும் ஏழு நாள் கழித்து மூன்றாவது தடவை. எல்லாக் கோழிக்கும் ஒரே நாளில் போடுங்கள். ஒன்றை விட்டாலும் போட்ட மற்றவை வீண். நாள்காட்டியில் மூன்று தேதியையும் முதலிலேயே குறித்துவிடுகிறேன்.

செம்பனைக்கு அடிக்கிற மருந்து கொஞ்சம் மீதி இருக்கிறது. தண்ணீர் கலந்து கோழிக்கு அடிக்கலாமா?

கூடாது. தயவு செய்து கூடாது.

தோட்டத்தில் அதிகம் அடிப்பது புல் மருந்து. கிளைஃபோசேட் புல்லைத்தான் கொல்லும், பேனை ஒன்றும் செய்யாது. பழைய பாராக்குவாட் இன்னும் சில வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. மலேசியாவில் 1.1.2020 முதல் அது தடைசெய்யப்பட்டது. ஒரு வாய் விழுங்கினால் மனிதனுக்கே நுரையீரல் போய்விடும், அதற்கு மாற்று மருந்தும் இல்லை. கூடு கட்டும் புழுவுக்காக மரத்தில் துளை போட்டு ஊற்றும் மருந்து நரம்பைத் தாக்கும் விஷம். கோழி இறகைக் கோதும்போது அது வயிற்றுக்குள் போகும், முட்டைக்குப் போகும், பிள்ளை தட்டுக்கு வரும்.

மருந்து வந்த பிளாஸ்டிக் தோம்பை (பீப்பாய்) கழுவிக் கோழிக்குத் தண்ணீர் வைப்பதும் அப்படித்தான். பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து எத்தனை தடவை கழுவினாலும் முழுதாகப் போகாது. எங்கள் அம்மா மருந்து அடிக்கும் வேலை பார்த்தவர். அவர் கை நகங்கள் இருந்த நிலை எனக்குத் தெரியும். அந்தப் பொருள் என் வீட்டுக் கோழிப் பக்கம் வர விடமாட்டேன்.

நாய் பூனைக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்தை விடலாமா?

அதில் பெரும்பாலும் ஃபிப்ரோனில் இருக்கும். சாப்பிடும் பிராணிக்கு அது கூடாது. 2017இல் ஐரோப்பாவில் நடந்ததைச் சொல்கிறேன்: நெதர்லாந்துக் கோழிப் பண்ணைகளில் இதே இராச் செள்ளுக்காக அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது. முட்டையில் அது இருப்பது தெரிந்ததும் பல நாடுகளில் இலட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து எடுத்து அழித்தார்கள். உங்கள் வீட்டு முட்டையை யாரும் சோதிக்கப் போவதில்லை என்பதால் நீங்களே கவனமாக இருக்க வேண்டும்.

ஐவர்மெக்டின்?

செள்ளுக்கும் கால் செதில் தூக்கும் நோய்க்கும் வேலை செய்யும். தோல் மேல் ஊரும் பேனுக்கு அவ்வளவு நம்ப முடியாது. அளவு தவறினால் கோழி தள்ளாடி விழும், முட்டையிலும் தங்கும். கால்நடை மருத்துவர் எடை பார்த்து, எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்றும் சொன்னால் மட்டும் போடுங்கள்.

சாம்பல், வேப்பிலை, கந்தகம் என்று பாட்டி செய்தாரே. அதெல்லாம் பயன்தருமா?

பாட்டி அடுப்புச் சாம்பலைக் கோழி குளிக்கும் குழியில் கொட்டுவார். அது சரியான வேலை. கோழி மண்ணில் புரள்வது விளையாட்டு அல்ல, அதுதான் அதன் குளியல். நைசான தூள் பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகை உறிஞ்சி, அதை வறண்டு சாகவைக்கும். பழைய லோரி டயரில் மணலும் விறகுச் சாம்பலும் பாதிப் பாதி போட்டு வையுங்கள். கூரை கட்டாயம். நம் பக்கம் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பெய்யும் மழையில் நனைந்த சாம்பல் சேறாகிவிடும், கோழியின் தோலையும் அரிக்கும். ரப்பர், பிளாஸ்டிக் எரித்த சாம்பல் வேண்டாம்.

கந்தகத் தூளுக்கு என் ஓட்டு உண்டு. அந்தக் காலத்தில் பால்மரத்து இலை நோய்க்கு வெள்ளைக்காரத் துரைகள் தூவிய அதே மஞ்சள் பொடி. குளிக்கும் மண்ணில் கலந்தால் பேனும் செள்ளும் நன்றாகக் குறைகிறது என்று கலிஃபோர்னியாவில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். குளிக்காத கோழிக்குக்கூட, பக்கத்தில் குளித்த கோழி மூலம் கொஞ்சம் பலன் போகிறது. வாளி மண்ணுக்கு ஒரு பிடி போதும். கண் எரியும், நெருப்புப் பக்கம் வைக்காதீர்கள்.

வேப்பிலையை முட்டைக்கூட்டில் போடுகிறேன், கெடுதல் இல்லை. ஆனால் பெருகிவிட்ட செள்ளை வேப்பிலை மட்டும் அடக்கும் என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள். புகையிலைக் காம்பு போடுவதை நான் நிறுத்திவிட்டேன், அதிலுள்ள நிகோட்டின் கோழிக்கும் விஷம்.

காலில் சுண்ணாம்பு பூசியது போல் செதில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. டீசலில் முக்கச் சொல்கிறார்களே?

டீசலும் மண்ணெண்ணெயும் கறுப்பு ஆயிலும் கால் தோலைப் பொசுக்கிவிடும். செதிலுக்கு அடியில் குடைந்து வாழும் ஒரு செள்ளுதான் காரணம், வயதான கோழிக்கு அதிகம் வரும். வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் காலை ஐந்து நிமிடம் ஊற வையுங்கள். பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, வாசலினோ தேங்காய் எண்ணெயோ செதில் இடுக்கில் போகும்படி தடவுங்கள். பூச்சி மூச்சு முட்டிச் சாகும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, நாலு வாரம். தூக்கி நிற்கும் செதிலைப் பிய்க்காதீர்கள், இரத்தம் வரும். பூச்சி செத்தாலும் கால் வழவழப்பாகப் பல மாதம் ஆகும். கம்பு வழியாக மற்றதுக்குப் பரவுவதால் கம்பையும் கழுவி எண்ணெய் பூசுங்கள்.

கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பரு இருக்கிறது. உண்ணியா?

இரண்டில் ஒன்று. டார்ச் அடித்து உற்றுப் பாருங்கள். கடுகு கடுகாக, பழுப்பாக, ஒரே அளவில் வரிசையாக ஒட்டிக்கொண்டு, சாமணத்தால் இழுத்தால் காலோடு வந்தால் அது ஒட்டுத் தெள்ளு. மேலே வாசலின் தடவி, ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். இதன் புழு மண்ணில் வளரும் என்பதால் கூண்டுக்கடி மண்ணைச் சுரண்டி எறிய வேண்டும். சொரசொரப்பான மரு போல, பெரிதும் சிறிதுமாக இருந்தால் அது கோழி அம்மை. கொசு கடித்துப் பரவும் வைரஸ் நோய், பூச்சி மருந்துக்குக் கேட்காது. பருவைப் பிய்க்காமல், அந்தக் கோழியைத் தனியாக வைத்து, தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள்.

கோழிப் பேன் பிள்ளைகள் தலையில் ஏறுமா?

ஏறாது. மனிதனின் தலைப்பேன் வேறு, அது பிள்ளைக்குப் பிள்ளைதான் பரவும். கோழியைப் பழி சொல்லாதீர்கள். செள்ளு மட்டும் நம்மையும் கடிக்கும், சிவப்புத் தடிப்பு வந்து நன்றாக அரிக்கும். ஆனால் நம் உடம்பில் குடியிருக்காது. குளித்து, உடுப்பை வெந்நீரில் அலசினால் போதும். கோழியே இல்லாத வீட்டிலும் கூரையில் மைனா கூடு கட்டி, குஞ்சு பறந்துபோன பிறகு செள்ளு கட்டிலுக்கு இறங்குவதுண்டு. அந்தக் கூட்டை எடுத்துப் போடுங்கள்.

குஞ்சுக்குப் பொடி போடலாமா?

சின்னக் குஞ்சுக்கு வேண்டாம். தாய்க்கோழியை முதலிலேயே சுத்தப்படுத்துங்கள். குஞ்சின் உச்சந்தலையில் பேன் இருந்தால் விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும், அதிகம் தடவினால் குளிர் பிடிக்கும்.

புதுக் கோழி வாங்கி வந்தால்?

மூன்று வாரம் தனிக் கூண்டு. வந்த அன்றே இரவு டார்ச் சோதனை. அது வந்த பெட்டியைக் கூண்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல். பூசைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. பேன் பிடித்திருக்கிறது, என்ன செய்ய?

அறுத்துச் சமைக்கப் போகும் சேவல் என்பதால் நான் மருந்து போடமாட்டேன். நல்ல வெயில் வரும் காலையில் வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் கழுத்து வரை முக்கி, இறகை விரித்துப் பிசைந்து, அலசி, துடைத்து வெயிலில் விடுங்கள். பேன் பெருமளவு செத்துவிடும். முட்டைக் கொத்து உள்ள இறகின் அடியைக் கத்தரித்துவிடலாம். ஏழு நாள் கழித்து இன்னொரு தடவை. முன்பே மருந்து போட்டுவிட்டீர்கள் என்றால், லேபிளில் இறைச்சிக்கு எத்தனை நாள் பொறுக்கச் சொல்கிறது என்று பார்த்து, நாள் போதவில்லை என்றால் வேறு சேவலைக் கொடுங்கள். பூசைச் சோற்றைச் சின்னப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

மூன்று தடவை மருந்து போட்டும் குறையாவிட்டால். கொண்டை வெளுத்து, கோழி எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டால். இரண்டு மூன்று நாளில் பல கோழி சாய்ந்து, கழுத்து முறுக்கி, பச்சையாகக் கழிந்தால் அது பேனே அல்ல, வெள்ளைக் கழிச்சலாகவோ (நியூகாசல் நோய்) அதைவிடப் பெரியதாகவோ இருக்கலாம். செத்ததை ஆற்றில் வீசாமல், மற்றவர்களுக்கு விற்காமல் அன்றே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் சேர்ந்தது, அதனால் அந்த மாவட்ட அலுவலகத்தைக் கேட்க வேண்டும். போகும்போது பூச்சியை வெள்ளை ஒட்டுநாடாவில் ஒட்டி எடுத்துப் போங்கள். பார்த்ததும் பேனா செள்ளா என்று சொல்லிவிடுவார்கள்.